லாட்ஜ் துணி ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டதற்கு 13 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டுமா?

மேலவீதி_லாட்ஜ்

எல்லோருக்கும் வணக்கம். மதுரை ரயில்வே ஸ்டேஷன் எதிரே உள்ள சந்துகளில் ஒன்றில் 42 ரூம் லாட்ஜ் நடத்துகிறேன். அப்பா காலத்தில் துணி மூட்டை வைகைக் கரைக்குப் போய் வெள்ளையாகத் திரும்பி வரும். நான் பொறுப்புக்கு வந்தபின், துணியும் அவர்களே, சலவையும் அவர்களே என்று ஒரு கம்பெனியோடு 36 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாம் அவர்களுடையது. மாதம் குறைந்தபட்சம் 38,000 ரூபாய், வரி தனி. மூன்று மாதத் தொகை 1,14,000 டெபாசிட்.

ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஷீட் ஈரவாடையோடு வர ஆரம்பித்தது, டவல் அப்பளம் மாதிரி விறைத்தது. தை மாத முகூர்த்த நாள் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் ஏழு ரூம் எடுத்திருந்தார்கள். அன்றைக்கு வண்டியே வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் தெரிந்த கடைக்காரரை எழுப்பி ஷட்டரைத் தூக்கவைத்துப் புது ஷீட் வாங்கினேன்.

14 மாதம் முடிந்த நிலையில், அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து சேவை வேண்டாம் என்று மெயில் அனுப்பினேன். நான்கே நாளில் வந்த பதில் இது:

மீதி 22 மாதம், மாதம் 38,000 வீதம்: 8,36,000
துணியின் மதிப்பு: 1,94,000
திரும்ப எடுத்துச் செல்லும் செலவு: 12,000
பணியாளர் ஈட்டுத்தொகை: 60,000
மொத்தத்துக்கும் 18% ஜிஎஸ்டி: 1,98,360
ஆக 13,00,360

கடைசி 360 ரூபாயைக்கூட விடவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதில் எதைக் கொடுக்க வேண்டும், எதை மறுக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நேதாஜி_ரோடு

அண்ணே, ஒரு பைசா தராதீங்க. பழைய பில் பாக்கி இருந்தா அதையும் நிறுத்துங்க. கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் ஆகும், அவனே களைச்சுப் போய் வருவான்.

பேரேட்டுக்காரி

மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள் அண்ணா. சிம்மக்கல் ஆடிட்டர் ஆபீசில் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இந்த யோசனையைக் கேட்டு மாட்டிக்கொண்டவர்களின் ஃபைல் எங்கள் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கிறது.

முதலில் அவர்களுடைய பில்லை எடுத்து, அதில் உத்யம் பதிவு எண் (சிறு தொழில்களுக்கு அரசு தரும் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அவர்கள் குறு அல்லது சிறு நிறுவனம் என்றால் 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம், அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான சட்டம், உங்கள் மேல் பாயும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைப் பிடித்து வைக்க முடியாது; ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி. வங்கி வீதம் 5.5 என்றால் உங்களுக்கு 16.5. வருமான வரியிலும் அடி உண்டு. கெடு தாண்டிய பாக்கியைக் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும்.

இதற்கு அவர்கள் பத்து வருடம் கோர்ட்டில் நிற்கவும் வேண்டாம். இணையத்தில் மனு போட்டால், இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். மதுரையிலேயே ஒரு மண்டலக் கவுன்சில் இருக்கிறது. அங்கே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, அதை எதிர்க்கக் கோர்ட்டுக்குப் போனால், தீர்ப்புத் தொகையில் 75% கட்டிவிட்டுத்தான் பேச முடியும்.

ஆகவே இரண்டையும் கலக்காதீர்கள். செய்த வேலைக்கான பாக்கி வேறு, விலகியதற்குக் கேட்கும் தொகை வேறு. உங்களிடம் பழைய பாக்கி எவ்வளவு இருக்கிறது?

வக்கீல்_குமாஸ்தா

லாட்ஜ்காரத் தம்பிக்கு. நான் வக்கீல் இல்லை. மாவட்டக் கோர்ட்டில் முப்பத்தோரு வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன். சொல்வதைக் கேட்டுக்கொண்டு, உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

"மீதி மாதத் தொகை முழுவதும்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள், நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். எழுதிவிட்டதாலேயே அந்தத் தொகை கிடைத்துவிடாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால் அது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 1963இல் ஃபதே சந்த் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2015இல் கைலாஷ்நாத் வழக்கில் இன்னும் தெளிவாக்கினார்கள்: இழப்பு என்று ஒன்று உண்மையில் இருக்க வேண்டும்; அதை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்கத்தான் வேண்டும். இழப்பை அளப்பதே கடினம் என்னும் இடத்தில், முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்டு எழுதிய தொகையைக் கொடுக்கலாம். துணி துவைப்பதில் இழப்பை அளக்க முடியாது என்று எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்ல முடியும்?

அடுத்தது 73ஆம் பிரிவின் கீழ் உள்ள விளக்கம். இழப்பைக் கணக்கிடும்போது, அதைக் குறைத்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உங்களுக்குத் துவைக்காத 22 மாதத்தில் அவர்களுக்குச் சோப்புச் செலவு இல்லை, கரண்ட் இல்லை, வண்டிக்கு டீசல் இல்லை. உங்கள் ஷீட் வேறு லாட்ஜுக்குப் போய்ச் சம்பாதிக்கும். 8,36,000 என்பது அவர்களுடைய வரவு, இழப்பு இல்லை.

13 லட்சத்துக்கு அவர்கள் வழக்குப் போட்டால் அது வணிக வழக்கு. 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தாவாவில், அவசர உத்தரவு கேட்காதவரை, வழக்குக்கு முன்னால் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். அது தோற்றால் 3% கோர்ட் கட்டணம், அதுவே 39,000. அவர்களும் இதையெல்லாம் யோசிப்பார்கள். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து (கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் போவது) இருந்தால் பாதை மாறும், அதையும் பாருங்கள்.

ஆனால் தம்பி, உங்கள் பக்கமும் ஓட்டை இருக்கிறது. வெறுமனே "சேவை வேண்டாம்" என்று மெயில் போட்டிருக்கிறீர்கள். குறை இருந்ததால் விலகினீர்களா, விருப்பத்தால் விலகினீர்களா? ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் என்ன? குறையைச் சரிசெய்ய அவகாசம் தரும் ஷரத்து உண்டா? அந்தப் பக்கத்தைத் தேடி இங்கே எழுதுங்கள்.

மேலவீதி_லாட்ஜ்

ஐயா, தேடிப் பார்த்தேன். 17 பக்க ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் படித்தேன். இருப்பது இதுதான்:

யார் விலகினாலும் 90 நாள் நோட்டீஸ். வாடிக்கையாளர் காலத்துக்கு முன்பு விலகினால் மீதி மாதங்களின் குறைந்தபட்சத் தொகை முழுவதும். சேவையில் பெரிய குறை இருந்து, எழுத்தில் தெரிவித்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால் எந்தக் கட்டணமும் இல்லாமல் விலகலாம். ஆர்பிட்ரேஷன் பற்றி எதுவும் இல்லை.

கடைசி ஷரத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எழுத்தில் நான் எதுவும் கொடுக்கவில்லை. போனில் கத்தியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருக்கிறேன், 60க்கு மேல் இருக்கும். சூப்பர்வைசர் "சாரி அண்ணே, பாத்துக்கிறேன்" என்று கட்டைவிரல் காட்டியிருக்கிறார்.

தங்கச்சி, பழைய பாக்கி இரண்டு மாத பில், வரியோடு 89,680. கோபத்தில் நிறுத்தி வைத்தேன். உத்யம் எண்ணும் இருக்கிறது.

பேரேட்டுக்காரி

நாளைக்கே கட்டிவிடுங்கள். அந்தச் சட்டத்தில் உங்களுக்கு ஒரு கதவு இருந்தது: சேவை வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், அது தீரும் நாளிலிருந்துதான் கெடு ஓடும். போனில் கத்தியதற்கு ரசீது கிடையாது. வாட்ஸ்அப் படங்களைத் தேதிவாரியாக எடுத்து அச்சடித்து வையுங்கள், அவை வேறு பேச்சுக்கு உதவும்.

புதூர்_சலவை

தம்பி, நான் எதிர்ப் பக்கத்து ஆள். கே.புதூரில் சின்னதாகச் சலவை ஆலை வைத்திருக்கிறேன், இரண்டு ஆஸ்பத்திரி, ஐந்து லாட்ஜ். உங்களுக்குத் துவைத்தது நான் இல்லை, பயப்படாதீர்கள்.

எல்லோரும் 13 லட்சத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அது அநியாயம்தான், நானே சொல்கிறேன். ஆனால் ஒரு வாடிக்கையாளர் திடீரென்று நின்றால் எங்கள் பக்கம் என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை.

போன வருஷம் ஒரு வாடிக்கையாளரை நம்பி 60 கிலோ வாஷர் வாங்கினேன், பாங்க் லோன். ஐந்தாவது மாதம் அவர்கள் நின்றார்கள். வாஷர் நிற்கவில்லை, அதாவது அதன் தவணை நிற்கவில்லை. அந்த வேலைக்காக எடுத்த நான்கு பெண்களில் இருவருக்குப் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். வேலை இல்லை, வராதே என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு மாதம் சம்பளம் கொடுத்து, உள்ள துணியையே மடித்துப் பிரித்து மடிக்க வைத்தேன்.

என் ஆலைக் கணக்கைச் சொல்கிறேன், மற்றவர்களுக்குக் கொஞ்சம் மாறும். பில்லில் 100 ரூபாய் வந்தால் சோப்பு, கெமிக்கல் 12. கரண்டும் பாய்லர் விறகும் 22. கூலி 25. வண்டி 11. துணித் தேய்மானம் 15. மீதி 15, அதிலிருந்துதான் தவணை. நீங்கள் நின்றால் சோப்பு, விறகு, வண்டி, தேய்மானம் எல்லாம் எனக்கு மிச்சம். கூலியும் தவணையும்தான் மிச்சமாகாது, அதுவும் வேறு லாட்ஜ் பிடிக்கும் வரைக்கும். எனக்கு வழக்கமாக இரண்டு, மூன்று மாதத்தில் வேறு ஆள் கிடைத்துவிடும். 38,000 பில்லில் நாற்பது சதவீதம் என்றால் 15,200. மூன்று மாதத்துக்கு 45,600. நேர்மையாகக் கேட்டால் என் வாய் அதற்கு மேல் திறக்காது.

துணி விஷயம் தனி. உங்கள் ஷீட் வெறும் வெள்ளையா, கரையில் கோடு போட்டதா? லாட்ஜ் பெயர் தைத்ததா? வெறும் வெள்ளையென்றால் நாளைக்கே வேறு இடத்துக்குப் போய்விடும், அதற்கு மதிப்புக் கேட்பது அடாவடி. பெயர் தைத்தது என்றால் எனக்கு அது தரை துடைக்கத்தான் ஆகும், அதற்குக் காசு கேட்பேன்.

இன்னொன்று. துணியை இரண்டு பேரும் நின்று எண்ணாமல் ஒரு மூட்டையைக்கூட வெளியே அனுப்பாதீர்கள். அனுப்பியபின் அவர்கள் சொல்வதுதான் எண்ணிக்கை.

மேலவீதி_லாட்ஜ்

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஷீட், உறை எல்லாம் வெறும் வெள்ளை. டவலில் மட்டும் லாட்ஜ் பெயர் நீல நூலில் தைத்திருக்கும். தைக்கச் சொன்னது நான்தான்.

பேரேட்டுக்காரி

ஜிஎஸ்டிக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

ஒப்பந்தத்தை மீறியதற்கான இழப்பீடு ஒரு சேவைக்கான விலை இல்லை, அதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178/10/2022 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே சுற்றறிக்கையில் மறுபக்கமும் உண்டு. "இவ்வளவு கட்டினால் முன்கூட்டியே விலகிக்கொள்ளலாம்" என்று ஒப்பந்தமே ஒரு வசதி கொடுத்து அதற்குக் கட்டணம் வைத்திருந்தால், அந்தக் கட்டணத்துக்கு மூலச் சேவைக்கு என்ன வரியோ அதே வரி. உங்கள் ஷரத்து எந்தப் பக்கம் என்று இரண்டு தரப்பும் வாதாட இடம் இருக்கிறது. அதனால் முடிவுக் கடிதத்தில் எதற்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்ற வாசகம் முக்கியம். பெயரை மட்டும் மாற்றி எழுதினால் போதாது, உண்மையிலும் அது இழப்புக்கு ஈடாக இருக்க வேண்டும்.

இது ஏன் உங்களுக்கு முக்கியம்? 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு முன்பு 12% வாங்கினீர்கள், கொடுத்த வரியை உள்வரியாகக் கழித்துக்கொண்டீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 5%தான், ஆனால் உள்வரி கிடையாது. அதனால் அந்த 1,98,360இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. சொல்லப்போனால் மாதாமாதம் சலவை பில்லில் கட்டும் 6,840உம் அன்றிலிருந்து உங்கள் கைக்காசுதான். கவனித்தீர்களா?

இன்னொன்று: அவர்கள் அனுப்பியது வரி இன்வாய்ஸா, வெறும் டிமாண்ட் கடிதமா? இன்வாய்ஸ் போட்டுவிட்டிருந்தால், தொகை குறையும்போது கிரெடிட் நோட்டும், அதாவது பில் தொகையைக் குறைத்து அவர்கள் தரும் சீட்டும், கேட்டு வாங்க வேண்டும். அதற்கும் கெடு உண்டு, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30.

மேலவீதி_லாட்ஜ்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் விலக நினைத்ததில் பாதிக் காரணம் அந்த 6,840தான். ஈரவாடை மீதிப் பாதி.

வக்கீல்_குமாஸ்தா

இதை அவர்கள் வக்கீலிடம் சொல்லிவிடாதீர்கள்.

கப்பலூர்_பட்டறை

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் உதிரிபாகம் செய்கிறோம். போன இரண்டு வருடத்தில் மூன்று ஒப்பந்தம் முடித்தேன், மூன்றிலும் ஒவ்வொரு விதமாக அடி.

செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றியபோது விலகல் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை, சந்தோஷமாக இருந்தேன். கடைசி நாள் காலையில் ஆறு காவலர்களும் கேட்டில் நிற்கிறார்கள், போகவில்லை. ஏஜென்சி இரண்டு மாதம் சம்பளம் தரவில்லையாம். அதில் ஒருவருக்கு என் அப்பா வயது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு "சார், உங்க கேட்டத்தானே காத்தோம்" என்றார். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனம்தான் தர வேண்டும், சட்டமும் அதையேதான் சொல்கிறது. நான் கொடுத்து, ஏஜென்சியின் கடைசி பில்லில் கழித்தேன். நல்ல வேளை, பில் பாக்கி இருந்தது. அதிலிருந்து ஆட்கள் ஒப்பந்தத்தில் பிஎஃப், இஎஸ்ஐ சலான் காட்டாமல் கடைசி மாத பில்லைத் தீர்ப்பதில்லை.

அந்த 60,000 ஈட்டுத்தொகை விஷயம் அப்படி இல்லை அண்ணே. அவர்கள் ஆட்கள் உங்கள் லாட்ஜில் நின்று வேலை பார்க்கவில்லை. அவர்கள் ஆலையில், பத்து வாடிக்கையாளர்களின் துணியோடு சேர்த்து உங்கள் துணியையும் துவைத்தார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

இரண்டாவது, பில்லிங் சாஃப்ட்வேர். முடிக்கும்போது என் கணக்கைக் கேட்டால் பிடிஎஃப் கொடுத்தார்கள். எக்ஸலில் வேண்டும் என்றால் தனிக் கட்டணம். வேலைக்கு ஒரு பிள்ளையை வைத்து 4,100 ஐட்டம் கோடைத் தட்டச்சு செய்ய வைத்தேன், 19 நாள். பழைய சாஃப்ட்வேர், புது சாஃப்ட்வேர் இரண்டுக்கும் ஒரே மாதத்தில் பணம்.

மூன்றாவது ஜெராக்ஸ் மெஷின் வாடகை. மூன்று வருடம் முடிந்தது, போகலாம் என்று நினைத்தேன். முடிய 60 நாளுக்கு முன்பு எழுதிச் சொல்லாவிட்டால் தானாக ஒரு வருடம் நீளும் என்று 11ஆம் பக்கத்தில் இருந்தது. மெஷின் இன்னும் என் ஆபீசில்தான் இருக்கிறது. அதன் மேல் குருவாயூரப்பன் படம் வைத்திருக்கிறோம்.

நேதாஜி_ரோடு

அந்த மெஷினுக்கு மாசாமாசம் உண்டியல் கட்டணமும் போகுதுன்னு சொல்லுங்க.

(முதலில் நான் சொன்ன யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். கூட்டு வட்டி தெரியாது.)

மேலவீதி_லாட்ஜ்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பாக்கி 89,680 கட்டிவிட்டேன். வக்கீல் மூலம் ஒரு கடிதம் போனது: குறைகளின் பட்டியல், வாட்ஸ்அப் படங்கள் தேதியோடு, ஏற்கெனவே அனுப்பிய மெயிலை 90 நாள் நோட்டீஸாக எடுத்துக்கொள்ளச் சம்மதம், துணியைக் கூட்டாக எண்ண நாள் குறிக்கவும் என்று. மூன்றாம் நாள் அவர்களே போன் செய்தார்கள், குரல் மாறியிருந்தது.

எண்ணும் வேலை மொட்டை மாடியில் நடந்தது. காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தோம், வெயில் ஏறினால் வெள்ளைத் துணியைப் பார்க்க முடியாது, கண் கூசும். அவர்கள் பக்கம் சூப்பர்வைசர், என் பக்கம் நானும் ரூம் பாய் ஒருவனும். பத்துப் பத்தாக அடுக்கு, ஒவ்வொரு ஷீட்டின் மூலையிலும் அழியாத மையில் எழுதிய எண். சில மூலையில் மை மங்கி 3ஆ 8ஆ என்றே தெரியவில்லை. சூப்பர்வைசர் மூக்கருகே வைத்துப் பார்த்து முடிவு சொன்னார்.

கொடுத்ததாகப் புத்தகத்தில் 180 ஷீட். மாடியில் 74. மறுநாள் அவர்கள் ஆலைக்குப் போய் எண்ணியதில் 71. குறைவது 35. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், நான் ரூம் பாயைப் பார்த்தேன், அவன் வானத்தைப் பார்த்தான்.

அப்போதுதான் டெலிவரி சலான் கட்டு ஞாபகம் வந்தது. என் மனைவி ரிசப்ஷன் மேஜையின் கடைசி டிராயரில் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், 14 மாதச் சலான். ஒவ்வொன்றாகப் பார்த்ததில் "கறை, மறு சலவைக்கு" என்று அவர்கள் கையெழுத்திலேயே எடுத்துப் போய்த் திருப்பித் தராத ஷீட் 14. மீதி 21 எங்கள் தலையில். காவலாளி அறையில் நான்கு கிடைத்தது, ஒன்றில் அவர் ஜன்னல் திரை தைத்திருந்தார். அவற்றை நானே வைத்துக்கொண்டேன்.

புது ஷீட் 340 ரூபாய் என்று அவர்களுடைய பட்டியலிலேயே இருக்கிறது. 14 மாதம் ஓடியதால் பாதி விலை, 170. 21க்கு 3,570. பெயர் தைத்த டவல் 205 நல்ல நிலையில் இருந்தது, ஒன்று 60 ரூபாய் என்று பேசி நானே எடுத்துக்கொள்கிறேன், 12,300. துணியின் மதிப்பு 1,94,000 என்று வந்தது, இப்போது 15,870இல் நிற்கிறது.

மீதிக்குப் பேச்சு நடக்கிறது. எத்தனை மாதம் ஒப்புக்கொள்ளலாம்?

வக்கீல்_குமாஸ்தா

பிஸ்கட் டப்பாவுக்குத்தான் வக்கீல் ஃபீஸ் கொடுக்க வேண்டும்.

ஷரத்தில் 90 நாள் இருப்பதால் மூன்று மாதத்தில் தொடங்குவார்கள். நீங்கள் இரண்டில் நில்லுங்கள். அதில் ஒரு மாதமாவது சேவையை வாங்கிக்கொண்டு கொடுங்கள். சும்மா கொடுக்கும் மாதம் ஒன்றோடு நிற்கட்டும். எழுதும்போது "இரு தரப்பு ஒப்புதலோடு முடிந்தது" என்று எழுதுங்கள், யார் மீறினார் என்ற பேச்சே வேண்டாம். இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி அவசியம். டிமாண்ட் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, அது வாபஸ் என்றும் இருக்கட்டும். டெபாசிட் எந்தத் தேதிக்குள், எந்த வழியில் திரும்பும் என்பதைத் தொகையோடு எழுதுங்கள்.

பேரேட்டுக்காரி

டவலை நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள், அது பொருள் விற்பனை. அதற்கு அவர்கள் தனியாக பில் போட வேண்டும். ஒரே தொகையாகச் "செட்டில்மெண்ட்" என்று எழுதி வாங்கிவிடாதீர்கள்.

புதூர்_சலவை

அடுத்து சொந்தமாகத் துவைக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் முதலில் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து உப்பு எவ்வளவு என்று பாருங்கள். டவல் விறைத்தது என்று சொன்னீர்களே, அது பாதி சோப்பு சரியாக அலசாதது, பாதி உப்புத் தண்ணீர். ஸ்டேஷன் பக்கத்துப் போர் எனக்குத் தெரியும். மென்னீர் பிளான்ட் இல்லாமல் மெஷின் மட்டும் வாங்கினால், ஆறு மாதத்தில் உங்கள் மேலேயே நீங்கள் புகார் எழுதுவீர்கள்.

மேலவீதி_லாட்ஜ்

முடிந்தது. அதாவது முக்கால்வாசி முடிந்தது.

இரண்டு மாதத்துக்குச் சம்மதித்தார்கள். ஒரு மாதம் சேவையோடு, வரி சேர்த்து 44,840. இது எப்படியும் கட்டியிருக்க வேண்டியதுதான். இன்னொரு மாதத்துக்குச் சேவை இல்லாமல் 38,000, இழப்பீடு என்று எழுதி, வரி இல்லாமல். துணிக்கு 15,870. ஆக விலகியதற்காகக் கொடுத்தது 53,870, டெபாசிட்டில் கழித்துக்கொண்டார்கள். டவலுக்குத் தனி பில் வந்துவிட்டது. எடுத்துச் செல்லும் 12,000உம் பணியாளர் 60,000உம் பேச்சிலேயே போய்விட்டன. அனுப்பியது டிமாண்ட் கடிதம்தான், இன்வாய்ஸ் இல்லை, அதனால் கிரெடிட் நோட்டு வேலையும் இல்லை.

அவர்கள் ஏன் இறங்கி வந்தார்கள் என்று பிறகு சூப்பர்வைசர் சொன்னார். சித்திரைத் திருவிழாவுக்கு இன்னொரு லாட்ஜ் 150 ஷீட் கேட்டிருக்கிறதாம். என் துணி அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த ஒரு மாதத்தையும் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் என் பக்கத்துச் செலவை இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன். புது ஷீட் 180, உறை, பழைய 25 கிலோ வாஷர், உலர்த்தும் மெஷின், அக்கா சொன்ன மென்னீர் பிளான்ட் (உப்பு பார்த்தேன் அக்கா, நீங்கள் சொன்னது சரி), வயரிங், இரண்டு ஆள். விலகலுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு. அந்த 6,840ஐ மிச்சப்படுத்தப் போய்.

டெபாசிட்டில் மீதி 60,130 திரும்ப வேண்டும். 40,130 வந்தது. இன்னும் 20,000க்கு "அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு" என்கிறார்கள். கடிதத்தில் போட்ட தேதி வரும் 15. மெஷின் நேற்று ஓட்டிப் பார்த்தோம், நன்றாக ஓடுகிறது, ஆனால் அலசிய தண்ணீர் பக்கத்து வளையல் கடை வாசலுக்குப் போகிறது. கடைக்காரர் நுரையைக் கையில் அள்ளிக்கொண்டு ரிசப்ஷனுக்கே வந்துவிட்டார்.

புதூர்_சலவை

டிரெயின் பைப் நாலு இஞ்ச் போட்டீர்களா, மூன்றா?